சேலத்து ஓடையில் ஒரு சென்சார் பெட்டி: நகரப் பிரச்சினைக்குக் கருவி செய்யப் புறப்படும் மாணவர்களுக்கு

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்தது ஒரு சிறிய பெட்டி. திருமணிமுத்தாற்றில் சேரும் ஓடை ஒன்றின் தரைப்பாலத்துக்கு அடியில் அது தொங்கும். நீர்மட்டம் ஏறினால் கரையோரத் தெருவில் சைரன் ஒலிக்கும். பெட்டியைச் செய்து முடிக்க ஐந்து வாரங்கள் ஆயின. அதைத் தொங்கவிட எழுத்து வடிவில் அனுமதி கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் பெரும்பகுதி எங்கள் அறியாமையால் வீணானது. சேலத்திலோ ஏற்காட்டிலோ இத்தகைய வேலையைத் தொடங்க நினைக்கும் நீங்கள் எந்தக் காகிதத்தை எப்போது, யாரிடம் கொடுக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எங்கே வழுக்கும் என்பவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெள்ளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், குப்பைத்தொட்டி, தெருவிளக்கு, ஏரி நீரின் தரம் என எதற்கும் இதே வரிசை பொருந்தும்.

1. பிரச்சினையை ஒரு தெருவின் அளவுக்குச் சுருக்குங்கள்

"சேலத்தில் மழைநீர் தேங்குகிறது" என்று தலைப்பிட்டால் உங்களால் எதையும் செய்ய முடியாது. மாநகராட்சியில் 60 வார்டுகள் உள்ளன; ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்குவதற்கான காரணம் வேறு. ஒரே ஓடை, ஒரே தரைப்பாலம், அதை ஒட்டிய இருபது முப்பது வீடுகள் என்று எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்.

வகுத்த பிறகு, மடிக்கணினியைத் திறப்பதற்கு முன், அந்தத் தெருவுக்குக் குறைந்தது நான்கு முறை செல்லுங்கள். ஒரு முறை அதிகாலையில், ஒரு முறை மழை பெய்யும்போது. கேள்வித்தாளை நீட்டாதீர்கள், அதைக் கண்டதும் மக்கள் பட்டாவைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார்கள். "தண்ணீர் வரப்போகிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வி போதும். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் பெரியவர் வடக்கே கையை நீட்டி, "மலை கறுத்தா நான் மெஷினைத் தூக்கி மேசை மேல வச்சிடுவேன், தம்பி" என்றார். நகரில் தூறல்கூட இல்லாத மாலையிலும் சேர்வராயன் மலைச்சரிவில் பெய்த மழை சிறிது நேரம் கழித்து ஓடையில் இறங்கிவிடும் என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தோம். அதுவரை சென்சாரைத் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே வைப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். அதன் பிறகுதான் ஓடையின் மேற்பகுதிக்கு மாற்றினோம்.

இன்னொன்றையும் அங்கேயே கற்றோம். அத்தெருவில் குழித்தறி, அதாவது தரையில் தோண்டிய குழிக்குள் காலை வைத்து நெய்யும் கைத்தறி, போட்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. குழிக்குள் தண்ணீர் இறங்கினால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் நனைந்து வீணாகும். "அரை மணி நேரம் முன்னால தெரிஞ்சா போதும்" என்று ஒரு நெசவாளர் அம்மா சொன்னார். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் வடிவமைப்பின் அளவுகோல் ஆனது. கைப்பேசிச் செயலி செய்யும் எண்ணத்தையும் அன்றே கைவிட்டோம். தறிச் சத்தத்துக்கு நடுவே கைப்பேசியை யார் பார்க்கப்போகிறார்கள்? திட்டப்பணியை மதிப்பிடும் நடுவர்களுக்குச் செயலி பிடிக்கும். தெருவுக்குச் சைரன்தான் வேண்டும்.

2. அந்த இடம் யாருடையது என்று கண்டறியுங்கள்

எங்களுக்கு ஏழு வாரங்களைத் தின்ற பிழை இது. பாலம் மாநகராட்சி எல்லைக்குள் இருந்ததால் மாநகராட்சியே அனுமதி தரும் என்று முடிவுகட்டிவிட்டோம். மனுவைக் கொடுத்து, காத்திருந்து, மூன்று முறை நேரில் சென்ற பிறகுதான் அந்தச் சாலை வேறு துறையின் பொறுப்பில் இருப்பது தெரிந்தது. முதல் நாளே யாரிடமாவது கேட்டிருந்தால் அன்று மாலையே விடை கிடைத்திருக்கும்.

பொதுவாக நகரின் உட்தெருக்கள், மழைநீர் வடிகால்கள், தெருவிளக்குகள், குப்பை சேகரிப்பு ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. முக்கியச் சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும், புறவழிச்சாலைகள் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமும் இருக்கும். ஆறும் பல ஏரிகளும் நீர்வளத் துறையின் பொறுப்பு. மின்கம்பம் மின்வாரியத்துடையது, தெருவிளக்கு அதே கம்பத்தில் தொங்கினாலும் கம்பத்தைத் தொட மின்வாரியத்தின் அனுமதி வேண்டும். ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் சாலை ஒரு துறை, சாலையை விட்டு இறங்கினால் காப்புக்காடு, அதாவது வனத்துறை. நிலச்சரிவை அறியும் கருவியைச் சரிவில் நட நினைப்பவர்கள் இரண்டு அனுமதிகளுக்கும் தயாராக வேண்டும்.

கண்டறியும் வழி எளிது. மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள் உள்ளன. உங்கள் இடம் எதில் வருகிறதோ அந்த மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளரையோ இளநிலைப் பொறியாளரையோ சந்தித்து, இடத்தின் புகைப்படத்தைக் காட்டி, "இது உங்கள் பொறுப்பில் வருகிறதா, ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். குப்பை தொடர்பானது என்றால் சுகாதார ஆய்வாளரிடம் கேட்க வேண்டும். வார்டு மாமன்ற உறுப்பினரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அனுமதி தருவது அவரல்ல. ஆனால் அவருக்குத் தெரியாமல் தெருவில் ஒரு பெட்டி தொங்கினால் முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் போகும்.

திங்கட்கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நீங்கள் தேடும் அலுவலர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

3. நாள்காட்டியைத் தலைகீழாக எண்ணுங்கள்

திட்டப்பணி பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை ஓய்ந்த பிறகு வெள்ளக் கருவி செய்யத் தொடங்கி, மழை குறைவான ஏப்ரலில் சோதிக்க முயன்ற எங்கள் புத்திசாலித்தனத்தை நீங்கள் பின்பற்ற வேண்டாம். எங்களுக்கு அனுமதி வந்தது மே மாதம். இரண்டு நாள் கோடை மழைதான் கிடைத்தது. அதுவும் கிடைக்காமல் போயிருக்கலாம்.

ஆகவே மூன்றாம் ஆண்டு முடியும் மே மாதத்திலேயே இடத்தைத் தேர்ந்துவிடுங்கள். ஜூனில் மனு, ஜூலையில் பெட்டி, ஆகஸ்டில் கல்லூரித் தொட்டியில் சோதனை, செப்டம்பரில் பாலத்தடியில் பொருத்துதல் என்று வைத்துக்கொண்டால் பருவமழை முழுவதும் அளவீடு கிடைக்கும். ஜனவரியில் மற்றவர்கள் தலைப்புத் தேடும்போது உங்கள் கையில் மூன்று மாத அளவீடுகள் இருக்கும். ஏரி நீரைச் சோதிப்பவர்களுக்குக் கணக்கு நேர்மாறு: மூக்கனேரி போன்ற ஏரிகளில் நீர் குறையும் கோடைதான் மாசு தெளிவாகத் தெரியும் காலம்.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் வாரங்களில் எந்தக் கோப்பும் நகராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. மனுவோடு வைக்க வேண்டியவை

முகப்பில் கல்லூரி முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம் இருக்க வேண்டும். மாணவர்கள் தாங்களே கையொப்பமிட்ட மனுவை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும். முதல்வரின் கையொப்பம் துறைத்தலைவர் வழியாகத்தான் வரும் என்பதால், கல்லூரிக்குள்ளேயே பத்து நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அதனுடன் நால்வரின் அடையாள அட்டை நகல்கள், வழிகாட்டும் பேராசிரியரின் கைப்பேசி எண், இடத்தின் புகைப்படம், கையால் வரைந்தாலும் போதுமான ஒரு வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். எங்கள் முதல் மனு எட்டுப் பக்கம். செயற்கை நுண்ணறிவு, ஸ்மார்ட் சிட்டி எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவது மனு ஒன்றரைப் பக்கம். அலுவலர் அறிய விரும்புவது சில செய்திகளை மட்டுமே: பெட்டியின் நீள அகலம் என்ன, எடை எவ்வளவு, பாலத்தில் துளையிடுவீர்களா, மின்சாரம் எங்கிருந்து எடுப்பீர்கள், எந்தத் தேதியில் வைத்து எந்தத் தேதியில் எடுப்பீர்கள், அறுந்து விழுந்தால் யார் பொறுப்பு. துளையிடாமல் கைப்பிடிக் குழாயில் கவ்வி கொண்டு மாட்டுவோம், சோலார் பேனலில் இயங்கும், துறைப்பணிக்குத் தேவைப்பட்டால் 24 மணி நேரத்தில் அகற்றுவோம் என்று எழுதிய உறுதிமொழிக் கடிதம்தான் எங்கள் கோப்பை நகர்த்தியது.

மனுவை அலுவலரின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது மனுவே ஆகாது. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் ஒப்புகை முத்திரை பெற்று, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது "அந்த மாணவர்கள் மனு" என்று சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. எண்ணைச் சொன்னால் பதிவேட்டைப் புரட்டுவார்கள். வாய்மொழியாக "வைத்துக்கொள்ளுங்கள்" என்று கிடைக்கும் அனுமதியை நம்பி எதையும் மாட்டாதீர்கள். சொன்னவர் மாறுதலில் சென்றுவிட்டால் உங்கள் பெட்டி ஆக்கிரமிப்பு ஆகிவிடும்.

5. தரவு வேண்டுமென்றால் பத்து ரூபாய் மனு

வடிகால் வரைபடம், தூர்வாரிய தேதிகள், முந்தைய ஆண்டுகளில் வந்த புகார்கள் போன்றவற்றை நேரில் கேட்டுக் கிடைத்தால் மகிழ்ச்சி. இல்லையேல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு செய்யுங்கள். கட்டணம் 10 ரூபாய்; நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, குழுவில் ஒருவர் தம் சொந்தப் பெயரில் அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

"ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன ஆண்டில் இன்ன ஓடையில் நடந்த தூர்வாரும் பணிக்கான ஆணையின் நகல்" என்று கேட்டால் வரும். பக்கத்துக்கு 2 ரூபாய். இச்சட்டத்தில் மாணவர்களுக்கு உதவும் ஒரு பிரிவு இருக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், பிரிவு 6(3)இன்படி அவர்களே 5 நாட்களுக்குள் உரிய துறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். இடம் எந்தத் துறையுடையது என்ற குழப்பத்தைத் தீர்க்கவும் இது உதவும். எங்களுக்கு இது காலம் கடந்துதான் தெரிந்தது.

மழையளவுக்கு மனு தேவையில்லை. சேலம், ஏற்காடு ஆகிய இரு இடங்களின் அன்றாட மழையளவும் மாவட்டப் பட்டியலில் மில்லிமீட்டரில் வருகிறது. இரண்டையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். தையற்கடைப் பெரியவர் சொன்னது எண்களிலும் தெரியும்.

6. பெட்டி: செலவும் வழுக்கும் இடங்களும்

இ.எஸ்.பி 32 என்ற சிறு கணினிப் பலகை, ஒலியலையை அனுப்பி எதிரொலியால் தூரத்தை அளக்கும் நீர்புகாத மீயொலி சென்சார், கம்பியில்லாமல் வானலையில் செய்தி அனுப்பும் லோரா தொகுதி, சிறிய சோலார் பேனல், இரண்டு பேட்டரிகள், நீர்புகாப் பெட்டி, கவ்விகள் எல்லாம் சேர்த்து ஓடைப் பக்கத்துக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய் ஆயிற்று. தெருப்பக்கத்தில் அந்தச் செய்தியைப் பெறும் கருவியும் சைரனும் 2,500. ஆனால் நாங்கள் செலவழித்த மொத்தம் 11,000. இடைவெளியில் இருப்பது எரிந்தவையும் தவறாக வாங்கியவையும்தான். அவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் மலிவாகக் கிடைத்த லோரா தொகுதியை வாங்கினோம். அது 915 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் உரிமம் இல்லாமல் லோராவுக்குப் பயன்படும் அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. வாங்கும் முன் தொகுதியின் எண்ணைப் பாருங்கள். சிம் போட்டுச் செய்தி அனுப்பும் எஸ்.ஐ.எம்.800எல் தொகுதி 2ஜி மட்டுமே அறியும். ஜியோவில் 2ஜி சேவை இல்லாததால் அந்த சிம் அதில் இயங்காது. செய்தி அனுப்பும் நொடியில் அது 2 ஆம்பியர் வரை இழுப்பதால், மெலிந்த கம்பியும் சோர்ந்த பேட்டரியும் இருந்தால் தானாகவே அணைந்து எழும். மென்பொருளில்தான் பிழை என்று ஒரு வாரம் தேடினோம்.

திறந்த கண்கள் போன்ற இரண்டு உருளைகள் கொண்ட எச்.சி.எஸ்.ஆர்.04 சென்சார் ஆய்வகத்துக்கு நல்லது. ஓடையின் ஈரத்தில் வாரக்கணக்கில் தாங்காது. அதன் எக்கோ முனை 5 வோல்ட் தருவது, இ.எஸ்.பி 32 ஏற்பது 3.3 வோல்ட். வோல்ட்டைக் குறைக்க நடுவே இரண்டு மின்தடையாக்கிகளை (ரெசிஸ்டர்) வைக்காததால் எங்கள் முதல் பலகை போனது. நீர்புகாத ஜே.எஸ்.என். வகை தாங்கும், ஆனால் மிக அருகில் இருப்பது அதற்குத் தெரியாது. ஏறத்தாழ 25 செ.மீ.க்கு உள்ளே வரும் நீரை அதனால் அளக்க இயலாது. மே மாத மழையில் தண்ணீர் சென்சாரின் அருகே வந்தபோது எங்கள் திரையில் மட்டம் திடீரென்று இறங்கியது. வெள்ளம் வடிந்துவிட்டது என்று நினைத்தோம். பாலத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் அது ஏறிக்கொண்டிருந்தது. அபாய மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

வெயிலும் அளவைக் கெடுக்கும். காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். அதிகாலை 25 டிகிரிக்கும் பிற்பகல் 40 டிகிரிக்கும் இடையே 2 மீட்டர் தூரத்தில் 5 செ.மீ. பிழை வரும். வெப்பமானி ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது. மிதந்து வரும் பிளாஸ்டிக் பையும் நுரையும் பொய்க் கணக்குக் காட்டும் என்பதால், ஐந்து அளவுகளை எடுத்து நடுவில் உள்ளதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரசீது பற்றி ஒரு சொல். கல்லூரி பணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால், ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீதைக் கல்லூரியின் பெயரிலேயே வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பொருளுக்குத் துண்டுச்சீட்டும் பணம் அனுப்பியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் மட்டுமே எங்களிடம் இருந்ததால் 4,000 ரூபாய் எங்கள் கையைக் கடித்தது.

7. மாட்டும் நாள்

பாதாளச் சாக்கடைக் குழிக்குள்ளோ மூடிய வடிகாலுக்குள்ளோ ஒரு நிமிடம்கூட இறங்காதீர்கள். பணம் கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு மூச்சிரண்டில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்குகிறது. மேலிருந்து மாட்ட முடியாத வடிவமைப்பு என்றால் அந்த வடிவமைப்பை மாற்றுங்கள்.

கம்பிகள் தொங்கும் பெயரில்லாத பெட்டி பாலத்தடியில் இருந்தால் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. "மாணவர் திட்டம் – நீர்மட்டம் அளக்கும் கருவி" என்று தமிழில் பெரிதாக எழுதி, கல்லூரியின் பெயரையும் பேராசிரியரின் எண்ணையும் ஒட்டுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றை அப்பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து அதற்கும் ஒப்புகை பெறுங்கள்.

படம்பிடிக்கும் கருவியை வைப்பதாக இருந்தால் வீட்டு வாசல்கள் சட்டகத்துக்குள் விழாமல் பாருங்கள். முகம், வண்டி எண் ஆகியவற்றைச் சேமிப்பது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரும். ட்ரோன் என்றால் 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகையோடு நின்றுகொள்வது எளிது. காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் ஓமலூர்ப் பக்கம் பறக்கவிடும் முன், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள்.

8. போட்டியும் காப்புரிமையும்

மாணவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் புத்தாக்கப் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஒரே கல்லூரியைச் சேர்ந்த ஆறு பேர் வேண்டும். அவர்களில் ஒருவரேனும் மாணவியாக இருக்க வேண்டும். நீங்கள் நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது. கல்லூரியின் பொறுப்பாளர் வழியாக, கல்லூரி அளவிலான போட்டியில் தேறியே செல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக இறுதிச் சுற்று டிசம்பரில் நடக்கிறது. கல்லூரிச் சுற்று செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடுகிறது. இரண்டு இளையவர்களைச் சேர்த்து நாங்கள் ஆறு பேராகி விண்ணப்பித்தோம். கல்லூரிச் சுற்றோடு நின்றுவிட்டோம். ஆனால் அந்த இளையவர்கள்தான் இன்று பெட்டியைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பரிசை எண்ணாமல், இளையவர்களைச் சேர்ப்பதற்காகவேனும் விண்ணப்பியுங்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டுவதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தை, காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிட வேண்டும். அதற்குப் பின் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாத அவகாசம் உண்டு. தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே)இன்படி காப்புரிமை கிடைக்காது. "சில ஆயிரத்தில் காப்புரிமை வாங்கித் தருகிறோம்" என்று கல்லூரிகளைச் சுற்றிவரும் முகவர்கள் பெரும்பாலும் வெளியீட்டு எண்ணைத்தான் வாங்கித் தருகிறார்கள். விண்ணப்பம் வெளியாவது காப்புரிமை வழங்கப்பட்டதாகாது.

9. கழற்றும்போது

உறுதிமொழியில் குறித்த தேதியில் பெட்டியை எடுங்கள், அல்லது அத்தேதிக்கு மூன்று வாரம் முன்பே நீட்டிப்பு மனுவைப் பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் தொடர்வதானால் பொறுப்பாளர் பெயர் மாறியதை எழுதித் தெரிவித்து, பெட்டியில் ஒட்டிய எண்ணையும் மாற்றுங்கள். சிம் ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். எங்கள் நண்பர் வேலைக்காகப் பெங்களூரு சென்ற பிறகும் இரவில் நீர்மட்டச் செய்திக்கான கட்டணம் அவர் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. கழற்றிய பின் பாலத்தின் வெற்றுக் கைப்பிடியைப் படமெடுத்து, அகற்றிவிட்டோம் என்ற கடிதத்துடன் அதே தபால் பிரிவில் கொடுத்து முத்திரை பெறுங்கள். சைரன் நிற்கப்போகும் நாளைத் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். குழித்தறி வைத்திருப்பவர்கள் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள்.